போகாத விண்ணப்பம்

அத்தியாயம் 14

தபால்காரர் துரைக்கண்ணு அன்றைக்கும் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. தூரத்திலேயே கையை விரித்துக் காட்டிவிட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டார். அன்று வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. ஹால் டிக்கெட் இன்னும் வந்தபாடில்லை.

போன வாரம் ஜினமதியை இதே வாசல்படியில் நிறுத்திவிட்டுத்தான் நாம் விடைபெற்றோம். இந்த வாரமும் பாவம், அங்கேயேதான் நிற்கிறாள். வழியில் ஏறிக்கொண்ட வாசகர்களுக்காக நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருக்கும் ஜைனர் ஆதிநாதன் நயினாருக்கு ஒரே மகள் இவள். பி.எஸ்ஸி. முடித்தவள். இரண்டரை வருடமாகச் சனி, ஞாயிறுகளில் இரண்டு பஸ் மாறிக் குயிலாப்பாளையம் போய், ஆரோவில்லில் இருக்கும் மிச்சிகோ என்கிற ஜப்பான்காரப் பெண்ணுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து, பதிலுக்கு ஜப்பானிய மொழி கற்றுக்கொண்டாள். இப்போது ஜப்பானில் ஒரு பெண்கள் கல்லூரி, உணவு வேதியியல் படிக்க இவளுக்கு இடம் தருகிறேன் என்று எழுதியிருக்கிறது. ஏப்ரலில் வகுப்பு ஆரம்பம்.

ஆனால் ஒரு நிபந்தனை. வெளிநாட்டு மாணவி என்றால் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் இரண்டாம் நிலை தேறிய சான்றிதழ் வேண்டும். நான்காம் நிலை என்பது அரிச்சுவடி, ஒன்றாம் நிலைதான் உச்சி. இவள் போன வருடம் மூன்றைத் தாண்டிவிட்டாள். தேர்வு மெட்ராஸில், வருடத்துக்கு ஒரே ஒரு நாள், டிசம்பர் முதல் ஞாயிறு. சான்றிதழ் இல்லையென்றால் இடம் இல்லை, அடுத்த வருடத்துக்கு ஒத்திவைக்கவும் மாட்டோம் என்று கடிதத்திலேயே கறாராகப் போட்டிருந்தார்கள்.

ஆக, இந்த 1988 டிசம்பர் நாலாம் தேதியை விட்டால் ஜினமதிக்கு ஜப்பான் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து, உறையை ஒட்டி, செப்டம்பரில் அண்ணன் ஜினபாலன் கையில் கொடுத்திருந்தாள். அவன் விழுப்புரம் ஜங்ஷனில் புக்கிங் கிளார்க். ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன், ரசீது பத்திரமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தான். பாண்டிச்சேரியிலிருந்து இதே பரீட்சை எழுதப் போகிற ஒருவருக்குப் பத்து நாள் முன்பே ஹால் டிக்கெட் வந்துவிட்டதாக மிச்சிகோ நேற்று எழுதியிருந்தாள்.

"அண்ணன் வீட்டுக்குப் போயி ரசீத வாங்கிக்கினு வந்துடறேம்மா. அது கையில இருந்தா நாளைக்கே மெட்ராஸ் போயி கேட்டுடலாம்" என்றாள்.

அம்மா சுனந்தா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றது. "இன்னிக்கே போவணுமா? நாளைக்குத் தபால்ல வந்தாலும் வரும்."

"பத்து நாளா இதத்தானம்மா சொல்லிக்கினு இருக்கே."

"அவன் ட்யூட்டியில இருப்பான். எதுக்கு அவனப் போயி பேஜாரு பண்ற?"

"என் அண்ணன்தானேம்மா. பேஜாரு பண்ணா பண்ணிட்டுப் போறேன்."

அம்மா மறுபடி புடைக்கத் தொடங்கினாள். ஜினமதி செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

பஸ் கூட்டேரிப்பட்டு தாண்டி விக்கிரவாண்டி போவதற்குள் அண்ணனைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். இந்தக் குடும்பத்தில் ஜப்பான் என்ற வார்த்தைக்கு ஆதரவாக வாய் திறந்த ஒரே ஆள் அவன்தான். அப்பா "ஜப்பானாவது கிப்பானாவது" என்று ஆரம்பித்தபோது, "படிக்கட்டும்பா, இன்னா கெட்டுப் போச்சு இப்ப?" என்று குறுக்கே நின்றான். கல்லூரிக் கடிதம் வந்த அன்று அவனை அடுக்களையில் உட்காரவைத்து, வரி வரியாகத் தமிழில் சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப இந்த டெஸ்ட் ஒண்ணுதான் முக்கியம், இல்ல?" என்று கேட்டான். ஆமாண்ணா, இது ஒன்றுதான் என்று அவளும் தலையாட்டினாள்.

அப்பா அதற்குப் பிறகு பேச்சையே நிறுத்திக்கொண்டார். இரண்டு மாதமாக அவருக்கும் இவளுக்கும் நடுவில் அம்மாதான் தூது.

ரயில்வே குவார்ட்டர்ஸ் கதவை அண்ணி சந்திரவதி திறந்தாள். திறந்தவள் வழி விடாமல் நின்றாள்.

"இன்னா அண்ணி, யாரோ கடன்காரன் வந்த மாதிரி நிக்கறீங்க? அண்ணன் இல்லியா?"

"ரெண்டு மணிக்குத்தான் வருவாரு. நீ சொல்லாம கொள்ளாம..."

"யாருடி அது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. சந்திரவதியின் அம்மா பத்மாம்பாள். செஞ்சிப் பக்கத்திலிருந்து மகளைப் பார்க்க வந்திருக்கிறாள்.

இந்த அம்மாளை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தன் மகன் பார்சுவநாத்துக்கு ஜினமதியைக் கேட்டு இரண்டு வருடமாக நடையாய் நடப்பவள். பெண் கொடுத்த வீட்டில் பெண் எடுக்க வேண்டும் என்பது அவளுடைய கணக்கு. படிப்பு முடியட்டும் அத்தை என்று ஜினமதி நேருக்கு நேராகவே சொல்லியிருந்தாள்.

"வா கண்ணு, வா. ஆயுசு நூறு ஒனக்கு. காலையிலதான் ஒன் போட்டோவ வெச்சுக்கினு பேசிக்கினு இருந்தோம்."

"என் போட்டோவா அத்தை?"

"பின்ன யாருது? ஜாதகமும் போட்டோவும் வந்து ரெண்டு மாசம் ஆவுதே. நல்லாப் பொருந்தியிருக்கு. தை பொறந்தா நிச்சயம் வெச்சுக்கலாம்னு உங்க அண்ணன் சொன்னாரு." பத்மாம்பாள் பையைத் திறந்து, மஞ்சள் துணியில் சுற்றியிருந்ததைப் பிரித்தாள். "ஒண்ணுதான் எனக்குக் கொறை. கல்யாண போட்டோவுக்கு எந்தப் பொண்ணாவது இப்பிடி உர்ருன்னு மூஞ்ச வெச்சுக்கினு நிப்பாளா? கொஞ்சம் சிரிச்சா இன்னா கண்ணு?"

ஜினமதி பார்த்தாள். பாஸ்போர்ட் அளவு. வெள்ளைத் துணிப் பின்னணி. சிரிக்கக் கூடாது, காது தெரியணும் என்று ஸ்டுடியோக்காரரிடம் அவளே சொல்லி எடுத்துக்கொண்ட படம்.

"அது கெடக்கட்டும். பின்னால எழுதியிருக்குதே, இது எந்த ஊரு எழுத்து? ஜோசியரு போட்டுக் குடுத்த மந்திரம்னு மாப்பிள்ளை சொன்னாரு. நானும் தெனம் சாமி அலமாரியில வெச்சுக் கும்பிட்டுட்டு எடுக்கறேன்."

ஜினமதி படத்தைத் திருப்பினாள்.

ஜினமதி, ஆதிநாதன், பிறந்த தேதி. மூன்று வரி, ஜப்பானிய எழுத்தில், அவளுடைய சொந்தக் கையெழுத்து. விண்ணப்பத்தில் ஒரு படத்தை ஒட்டிவிட்டு, இன்னொன்றின் பின்னால் பெயரையும் பிறந்த தேதியையும் எழுதி உறைக்குள் போட வேண்டும் என்பது பரீட்சைக்காரர்கள் போட்ட விதி. விதிப்படி எழுதி, உள்ளே போட்டு, எச்சில் தொட்டு ஒட்டியது அவள்தான்.

உறையைப் பிரிக்காமல் இந்தப் படம் வெளியே வந்திருக்க முடியாது. பிரித்த உறை மெட்ராஸ் போயிருக்க முடியாது. ஹால் டிக்கெட் வழியில் தொலையவில்லை. அது கிளம்பவே இல்லை.

அவள் நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தாள். சந்திரவதி பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

"இத நான் எடுத்துக்கறேன் அத்தை."

"ஐயோ, எதுக்கு கண்ணு? அது எங்க வீட்டுக்கு வந்தாச்சே."

"வந்திருக்கக் கூடாத எடத்துக்கு வந்துடுச்சு."

இரண்டே காலுக்கு ஜினபாலன் வந்தான். தங்கையைப் பார்த்ததும் சிரித்தான். அவள் கையில் இருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. மாமியார் இருப்பதால் அவளைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனான். தண்டவாளத்தில் ஒரு கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. அது போய் முடிந்ததும் அவள் படத்தை அவன் முன்னால் நீட்டினாள்.

"ரசீது எங்கண்ணா?"

"ஜினா, நான் சொல்றதக் கொஞ்சம் பொறுமையா கேளு."

"ரசீது இருக்குதா, இல்லியா?"

"இல்ல."

"போடவே இல்லியா?"

"இல்ல."

இரண்டு தடவை இல்லை என்று சொல்வதற்குள் அவனுக்கு வியர்த்துவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, பொய்யை நீட்டிக்கொண்டே போகிற ரகமில்லை இவன். ஆனால் அந்த நல்ல குணம் இரண்டு மாதம் தாமதமாக வந்தால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

"வரி வரியா ஒனக்குத்தானே படிச்சுக் காட்டினேன். இந்த ஒரு டெஸ்ட்டுதான் எல்லாம்னு ஒங்கிட்டதானே சொன்னேன். வேற யாருக்கு அது தெரியும்? நான் சொல்லிக்குடுத்ததையே எனக்குத் திருப்பிட்டியே."

"அவங்க வீட்ல ரெண்டு வருஷமா கேட்டுக்கினு இருக்காங்க. உங்க அண்ணிக்கு அங்க எவ்ளோ பேச்சு விழுது தெரியுமா? எத்தன நாள் நான் பதில் சொல்றது?"

"அப்ப எங்கிட்ட சொல்லியிருக்கணும். சண்டை போட்டிருப்பேன். அழுதிருப்பேன். ஆனா தெரிஞ்சிருக்கும். தெனம் தபால்காரருக்காகப் போயி நின்னேனே, அத நெனைச்சுக்கூடப் பாக்கலியா நீ?"

ஜினபாலன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான். பிறகு மெதுவாகச் சொன்னான். "நான் ஒங்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டேன் ஜினா."

"எப்ப?"

"செப்டம்பர்ல. அந்த ஞாயித்துக்கிழம."

அவளுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பிடிபட்டபோது உடம்பெல்லாம் எரிந்தது.

ஜைனர்களின் தசலட்சண விரதம் பத்து நாளும் முடிந்த மறுநாள், இவர்கள் வீட்டில் ஒருவர் முன்னால் ஒருவர் நின்று கைகூப்புவார்கள். தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையைப் பொறுத்துக்கொள் என்று பெரியவர் சிறியவரிடமும் கேட்க வேண்டும். எதிரில் நிற்பவர், பொறுத்தேன், நீயும் என்னைப் பொறு என்பார். எந்தப் பிழை என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அந்த நாளுக்கே அர்த்தமில்லை. அன்று காலையில்தான் அவள் விண்ணப்ப உறையை அவனிடம் கொடுத்திருந்தாள். சாயங்காலம் அண்ணன் வந்து நின்று கைகூப்பினான். கண்கூடக் கலங்கியிருந்தது. என் அண்ணனைப் போல உண்டா என்று இவள் உள்ளுக்குள் பூரித்துப்போய், பொறுத்தேன் என்று சொன்னாள்.

"அத நெனச்சுத்தான் கேட்டேன். சத்தியமா. நீயும் பொறுத்தேன்னு சொன்ன" என்றான் ஜினபாலன்.

"அன்னிக்கு ஞாயித்துக்கிழம. அப்ளிகேஷன் போய்ச் சேர வேண்டிய கடைசி நாள் வெள்ளிக்கிழம. நடுவுல அஞ்சு நாள் இருந்துது. மனசு உறுத்தித்தான் கேட்டேன்னா, மறுநாள் காலையில போஸ்ட் ஆபீஸுக்குப் போயிருக்கலாமே. செய்யப் போறதுக்கு முன்னாடியே பொறுத்தேன்னு வாங்கி வெச்சுக்கினியா?"

அவன் அதோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேறொன்றைச் சொல்லித் தொலைத்தான்.

"நீ இவ்ளோ தூரம் வருவேன்னு நான் நெனைக்கல ஜினா. ரெண்டு மாசம் கிளாஸுக்குப் போவே, அந்த எழுத்தப் பாத்துப் பயந்து விட்டுடுவேன்னு நெனச்சேன். பொழுது போவறதுக்குத்தானே போறா, அதுக்கு அப்பா எதுக்குக் கத்தறாருன்னுதான் அன்னிக்குப் பேசினேன்."

விண்ணப்பம் போகவில்லை என்றபோது வராத அழுகை இப்போது வந்தது. இந்த வீட்டில் தன்னை நம்புகிறவன் ஒருத்தன் இருக்கிறான் என்று இரண்டரை வருடம் தெம்பாக இருந்தாளே, அப்படி ஒருத்தன் இருந்ததே இல்லையாம்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கவர எங்க வெச்சிருக்கே? அதையாவது குடு."

"எங்கிட்ட இல்ல."

"கிழிச்சுட்டியா?"

"நான் பிரிக்கவே இல்ல ஜினா. அன்னிக்கு மத்தியானமே அம்மா என் பையிலேர்ந்து எடுத்துட்டாங்க. போட்டுட்டேன்னு மட்டும் சொல்லு, மீதிய நான் பாத்துக்கறேன்னாங்க. போட்டோவும் ஜாதகமும் அம்மாதான் எங்கிட்ட குடுத்தனுப்பினாங்க."

ஜினமதி அதற்குப் பிறகு அங்கே நிற்கவில்லை. சாப்பிட்டுப் போ என்று அண்ணி வாசல்வரை வந்து கூப்பிட்டதும் காதில் விழவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும்தான் எதிரில் வந்து கைகூப்பினாள். மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள். முழங்கால் வலியோ என்று நினைத்து, "போதும்மா, உக்காரு" என்று இவளே கையைப் பிடித்து உட்காரவைத்தாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ்ஸுக்குச் சோறு கட்டிக் கொடுத்த கை அது. விக்கிரவாண்டியில் ஏறிய ஒரு கிழவி, "ஏம்மா அழுவற?" என்று கேட்டதற்கு, தூசி என்று சொல்லிவைத்தாள்.

வீட்டுக்குள் நுழையும்போது ஐந்தரை. இருட்டுவதற்குள் சாப்பிட்டு முடிக்கிற வீடு அது. அம்மா கேப்பை அடையைத் தட்டில் வைத்துக் காத்துக்கொண்டிருந்தாள்.

"பொழுது சாயுது. ஜல்தியா கை கழுவிக்கினு வா. ரசீது கெடச்சுதா?"

எவ்வளவு இயல்பாகக் கேட்டாள் தெரியுமா? ஜினமதிக்கு ஒரு நிமிடம் அண்ணன் சொன்னதே பொய்யோ என்று ஆசையாக இருந்தது.

"கவர் எங்கம்மா?"

சுனந்தா தட்டைக் கீழே வைத்தாள். எந்தக் கவர் என்று கேட்கவில்லை. பூஜை அலமாரியைத் திறந்து, சாஸ்திரப் புத்தகங்களுக்கு அடியிலிருந்து ஒரு பட்டுத்துணிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே விண்ணப்பம். ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை. ஒட்டின படத்தில் ஜினமதி சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் கிழிக்கல" என்றாள் அம்மா. "எழுத்து இருக்கற காகிதம். அதக் கிழிச்சா ஞானத்தையே மிதிச்ச மாதிரி. அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

"காகிதத்துக்குப் பாத்த பாவத்த எனக்குப் பாக்கலியே நீ."

"நீ போனா வர மாட்டே." அம்மாவின் குரல் உடைந்தது. "உங்கண்ணன் விழுப்புரத்துக்குப் போயிட்டான். உங்கப்பா மண்டியிலேர்ந்து வந்தா சோறு, தூக்கம். இந்த வீட்ல எங்கிட்ட பேசறது நீ ஒருத்திதான். செஞ்சின்னா நெனச்ச நேரத்துல பஸ் ஏறி வந்து பாத்துடுவேன். ஜப்பானுக்கு நான் எந்த பஸ்ஸுல வர்றது?"

இந்த இடத்தில் எனக்கே சுனந்தாவின் மேல் இரக்கம் வந்துவிட்டது, மறைப்பானேன். ஜினமதிக்கும் வந்திருக்கும். ஆனால் இரக்கம் வந்தால் கோபம் போய்விடும் என்று யார் சொன்னது?

"இத எங்கிட்ட கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு ஒனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. இனிமே தெரிஞ்சுக்கவும் முடியாதும்மா."

"சாப்புடு மொதல்ல. பொழுது போயிடும்."

"போவட்டும்."

அவள் சுவரோரம் உட்கார்ந்தாள். எதிர்வீட்டு ஓட்டில் இருந்த வெயில் மஞ்சளாகி, மெலிந்து, இல்லாமல் போனது. இனி விடியும்வரை அந்த வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். தட்டில் அடை ஆறிப்போய்க் கிடந்தது. அம்மா விண்ணப்பத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளிடமிருந்து அதை வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுகூட ஜினமதிக்குத் தோன்றவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா. சுனந்தா அவசரமாக அந்தக் காகிதத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

ஆதிநாதன் உள்ளே வந்தார். வழக்கமாக நேரே கிணற்றடிக்குப் போகிறவர், அன்று கூடத்திலேயே நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். இரண்டு மாதமாகப் பேசாத மகளிடம் முதல் வார்த்தையை எங்கே தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை போலும்.

"மாம்பலத்துல நம்ம பெரியசாமி வீட்டுக்கு டிரங்கால் போட்டுப் பேசிட்டேன். சனிக்கிழம ராத்திரி அங்க தங்கிக்கலாம்" என்றார்.

ஜினமதி நிமிர்ந்து பார்த்தாள்.

"நானும் கூட வர்றேன். ஞாயித்துக்கிழம காலையில எக்ஸாம் நடக்கற எடத்துல நானே கொண்டுபோய் விடறேன். ஒரு வருஷமாப் பாத்துக்கினுதான் இருக்கேன். விடியறதுக்கு முன்னாடி எழுந்து, வாய்க்குள்ளயே எதையோ சொல்லிச் சொல்லி எழுதிக்கினு இருக்கே. படிக்கறவங்களத் தடுக்கறது அந்தராயம்ங்கற பாவம். அந்த வினை ஏழு பிறவிக்கும் கூட வரும். என்னால அது ஆவ வேணாம்னு இன்னிக்கு மண்டியில உக்காந்து முடிவு பண்ணேன்."

இவ்வளவு நீளமாக அவர் பேசியதை அந்தச் சுவரே கேட்டிருக்காது. சுனந்தா முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஆதிநாதன் மகளுக்கு எதிரில் வந்து உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "எங்க, அந்த ஹால் டிக்கெட்ட எடுத்துக்கினு வா. எத்தன மணிக்குப் போட்டிருக்கான்னு பாக்கலாம்."

ஜினமதி அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் கண்கள் வேண்டாம், வேண்டாம் என்று கெஞ்சின. வரவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பழி தபால்காரர் தலையில் விழும், எல்லாம் அடங்கிவிடும்.

"எங்கிட்ட இல்லப்பா" என்றாள் ஜினமதி. "அம்மா முந்தானையில இருக்கறதக் காட்டச் சொல்லுங்க."

ஆதிநாதன் ஒன்றும் புரியாமல், மனைவியின் பக்கம் கையை நீட்டினார்.